கோலாலம்பூர் வெக்கையில் பூப்பந்து: எத்தனை பவுண்டு, எந்த எண் ஷட்டல்?

ஆட்டம் சரியில்லை என்றதும் பலரும் முதலில் மாற்றுவது ராக்கெட்டை. புது ராக்கெட் வாங்கி, அதையும் பழைய 28 பவுண்டிலேயே கட்டி, தகரக் கூரை போட்ட அதே தாமான் டேவானில் (குடியிருப்புப் பகுதி மண்டபத்தில்) ஆடினால் பந்து முன்பு விழுந்த இடத்தில்தான் விழும். ஸ்ட்ரிங்கின் டென்ஷனும் (பவுண்டில் சொல்லும் இழுப்பு) ஷட்டலின் வேக எண்ணும் ஒத்துவந்த பிறகு ராக்கெட்டைப் பற்றி யோசிக்கலாம்.

முதலில் ஷட்டல். விதிப்படி அதற்கு 16 இறகு, எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை. இவ்வளவு லேசான பொருளைக் காற்று உடனே மடக்கிவிடும். 2013இல் நம் மலேசிய ஆட்டக்காரர் டான் பூன் ஹியோங் ஒரு சோதனையில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 493 கிலோமீட்டர். 2023இல் இந்தியாவின் சாத்விக்சாய்ராஜ் அதை 565 ஆக்கினார். இரண்டும் ராக்கெட்டை விட்டுக் கிளம்பும் கணத்து வேகம். அதே ஷட்டலை உயரத்திலிருந்து சும்மா விட்டால் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொடுவதே பெரிய பாடு. அதனால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் மாறினாலும் பந்து விழும் இடம் மாறும்.

ஷட்டல் குழாயின் மூடியில் 75, 76, 77 என்று இருக்கும் எண் கிரெயின் கணக்கில் எடை. 77 என்றால் 4.99 கிராம், 76 என்றால் 4.92. சில பிராண்டுகள் இதையே 1, 2, 3 என்று போடும். 2 என்பது 76, 3 என்பது 77. எடை கூடினால் பந்து தூரம் போகும். வெப்பம் 5 டிகிரி ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 1.6% குறையும், எண் ஒன்று இறங்கினால் எடை 1.3% குறையும். ஆக, இரவு பத்து மணிக்கு 28 டிகிரியில் 77 சரியாகப் பறந்தால், மதியம் 33 டிகிரியில் அதே டேவானில் 76 வேண்டும். புக்கிட் ஜாலில் உள்ளரங்கு போன்ற குளிரூட்டிய அரங்கில் ஆடிப் பழகியவர் தாமான் டேவானுக்கு வந்து எல்லா லிஃப்டையும் (கடைசிக் கோட்டை நோக்கி உயர்த்தி அடிப்பது) வெளியே அனுப்புவதற்கு இதுதான் காரணம். கெந்திங் மலையில் ஆடப் போனால் கணக்கு இன்னும் மாறும். அங்கே குளிர்தான், ஆனால் சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்று அழுத்தமே குறைவு. கோலாலம்பூரைவிட அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். கையில் கிடைப்பதிலேயே மெதுவான குழாயை எடுத்துப் போங்கள்.

எண்ணை நம்பி வாங்கினாலும் ஆடும் நேரத்தில், ஆடும் கோர்ட்டில் ஒருமுறை சோதிக்க வேண்டும். கடைசிக் கோட்டின் மேல் நின்று, பக்கக் கோட்டுக்கு இணையாக, கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 530 முதல் 990 மில்லிமீட்டர் உள்ளே விழுந்தால் சரியான வேகம். டேப் தேவையில்லை. இரட்டையர் ஆட்டத்தின் நீள சர்வீஸ் கோடு கடைசிக் கோட்டிலிருந்து 760 மில்லிமீட்டர். அதற்கு முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண். அதற்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். இரு பக்கத்திலிருந்தும் அடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை என்றால் பழி ஷட்டலுக்கு அல்ல, ஏர்கானுக்கோ திறந்த கதவுக்கோ. இறகு நுனியை வெளியே மடித்து வேகத்தைக் குறைப்பதைப் பயிற்சியில் யாரும் கேட்கப் போவதில்லை. போட்டியில் அது விதிமீறல்.

இனி டென்ஷன். தளர்ந்த ஸ்ட்ரிங் பந்து பட்டதும் அதிகமாக உள்வாங்கி, வாங்கிய ஆற்றலில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்கும். இறுகிய ஸ்ட்ரிங் அவ்வளவு உள்வாங்காது; ஷட்டலின் தக்கையும் இறகும் நசுங்கி ஆற்றல் அங்கே வீணாகும். அதற்குப் பதிலாகத் திசைக் கட்டுப்பாடு கிடைக்கும், ஆனால் நடுவில் சரியாகப் படும் இடம் சுருங்கும். 30 பவுண்டுக்கு மேல் கட்டும் தேசிய ஆட்டக்காரரின் மணிக்கட்டு வேகத்துக்கு அந்த ஸ்ட்ரிங்கும் வளைந்து கொடுக்கும். வாரம் இரண்டு முறை ஆடுபவர் கையில் அது வெறும் பலகை. கூடவே முழங்கை வலி. புதியவருக்கு 20–22, வாரந்தோறும் ஆடுபவருக்கு 23–25, போட்டி ஆடுபவருக்கு 26–28 போதும். எங்கள் கணிப்பில் செந்தூல், பட்டர்வொர்த் டேவான்களில் ஆடுபவர்களில் பலர் தங்களுக்கு வேண்டியதைவிட இரண்டு மூன்று பவுண்டு கூட்டித்தான் கட்டுகிறார்கள். சந்தேகம் இருந்தால் ஒரு பவுண்டு குறையுங்கள். ராக்கெட் கழுத்தருகே அச்சிட்டிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்ட வேண்டாம். விரிசல் விட்டால் உத்தரவாதம் கிடைக்காது.

கடையில் "போஸ், 24–26" என்று சொல்லுங்கள். நெடுக்கு 24, குறுக்கு 26 என்று கடைக்காரருக்குப் புரியும். இந்த வித்தியாசம் ஏன்? நெடுக்கில் 22 இழை, ஒவ்வொன்றும் 24 பவுண்டு என்றால் 528 பவுண்டு, ஏறத்தாழ 240 கிலோ. நெடுக்கு மட்டும் கட்டிய நிலையில் அத்தனையும் ஃபிரேமை நீளவாக்கில் நசுக்குகிறது. தலை குட்டையாகிப் பக்கவாட்டில் விரியும். குறுக்கு இழைகள்தான் அதை மறுபடி உள்ளே இழுக்கின்றன. அவை மேலும் கீழுமாகப் பின்னி வருவதால் உராய்வில் கொஞ்சம் இழுவை தொலையும். அதை ஈடுகட்டத்தான் அந்த இரண்டு பவுண்டு. ராக்கெட்டைக் கொடுக்கும் முன் தலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது நீளம் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் குறுக்கு தளர்வு. கூடியிருந்தால் குறுக்கு அதிகம்.

ஒரு கடையின் 24 இன்னொரு கடையின் 24 ஆகாது. கைப்பிடி சுற்றும் மெஷின் குறித்த அளவு வந்ததும் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஸ்ட்ரிங் நீள நீள இழுவை இறங்கும். மின் மெஷின் விடாமல் இழுத்துப் பிடிக்கும், அதனால் அதே எண்ணில் இறுக்கமாக வரும். கடை மாற்றினால் எந்த மெஷின் என்று கேளுங்கள்.

ஸ்ட்ரிங் தடிமனைச் சுருக்கமாகச் சொன்னால்: 0.70 மி.மீ. (யோனெக்ஸ் பிஜி65 போல) நாள்பட உழைக்கும், 0.65 (யோனெக்ஸ் பிஜி66 அல்டிமேக்ஸ் போல) துள்ளலும் சத்தமும் நன்றாக இருக்கும், சீக்கிரம் அறும்.

கட்டிய நாளிலிருந்தே நைலான் ஸ்ட்ரிங் தளரத் தொடங்கும். நம் ஊர் வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். தளர்வைக் கைபேசியிலேயே அளக்கலாம். அதிர்வெண் காட்டும் இசைச் செயலி ஒன்றைத் திறந்து, வாங்கி வந்த அன்றே ஸ்ட்ரிங் நடுவில் இன்னொரு ராக்கெட்டின் கைப்பிடியால் லேசாகத் தட்டி, காட்டும் எண்ணைக் குறியுங்கள். 1,100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதிர்வெண் டென்ஷனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே 5% இறங்கி 1,045 காட்டினால் டென்ஷன் சுமார் 10% போய்விட்டது, 24 பவுண்டு 21.6 ஆகிவிட்டது. அறுகிற வரை காத்திருக்காமல் அப்போதே மாற்றுங்கள். ஒரே ராக்கெட்டின் அன்றைய எண்ணையும் இன்றைய எண்ணையும் மட்டும் ஒப்பிடுங்கள். நண்பரின் ராக்கெட்டோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் ராக்கெட்டை விடவே கூடாது. ஸ்ட்ரிங் தளர்வதோடு போகாது. கார்பன் இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் இளகி, டென்ஷன் இழுக்கும் பக்கம் ஃபிரேம் கோணும்.

வியர்வைக்காக கிரிப் மேல் கிரிப் சுற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஓவர்கிரிப் ஒன்று சுமார் 5 கிராம். 90 கிராம் ராக்கெட்டின் கைப்பிடியில் அது ஏறினால் சமநிலைப் புள்ளி ஒரு சென்டிமீட்டர் கைப்பக்கம் நகரும். தலைகனமான ராக்கெட் என்று விலை கொடுத்து வாங்கியதன் பாதிப் பலன் அங்கே போய்விடும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சுற்றுங்கள். கை அதிகம் வியர்த்தால் டவல் கிரிப் போடலாம், ஆனால் அது இன்னும் கனம்.

ஆட்டத்தின் நடுவே ஸ்ட்ரிங் அறுந்தால் அப்படியே பையில் போடாதீர்கள். மிச்ச இழைகள் ஒருபக்கமாக இழுத்து ஃபிரேமைக் கோணலாக்கும், மறுநாள் கடைக்குப் போவதற்குள் விரிசல்கூட விடலாம். சின்னக் கத்தரிக்கோலால் நடுவிலிருந்து தொடங்கி, நெடுக்கும் குறுக்கும் மாறி மாறி, நான்கு பக்கமும் சமமாக வெளிநோக்கி வெட்டுங்கள். ஓரத்து இழைகள்வரை எல்லாவற்றையும் வெட்டி முடித்த பிறகே ராக்கெட்டை உறையில் போடுங்கள்.