இலவசத் தளங்களும் நம் அந்தரங்கமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ இருந்துகொண்டு தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால், நடுவில் மலையாளத்தில் ஒரு நகைக்கடை விளம்பரம் வந்து நிற்கும். போன் நம் பேச்சை ஒட்டுக் கேட்கிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. நம் ஐபி முகவரியை (இணைய இணைப்புக்குரிய எண்) வைத்தே இடத்தை ஊகித்துவிடலாம். ஆனால் மொபைல் டேட்டாவில் அது பெரும்பாலும் நாம் இருக்கும் ஊரைக் காட்டாது. நெட்வொர்க் நிறுவனத்தின் கருவிகள் இருக்கும் நகரத்தையே காட்டும். கேரள சிம் என்றால் கொச்சி என்றுகூட வரலாம்.

இதைச் சரிசெய்கிறேன் என்று பிரவுசருக்கு லொகேஷன் அனுமதியை நிரந்தரமாகத் திறந்துவிடுவதுதான் எல்லைப் பகுதியில் அதிகம் நடக்கும் தவறு. மொழி மாற வேண்டுமென்றால் கூகுள் கணக்கின் மொழிப் பட்டியலில் தமிழை மேலே வையுங்கள். வானிலை ஆப்புக்கு லொகேஷன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஆண்ட்ராய்டு 12 முதல் ‘தோராயமான இடம்’ என்ற தேர்வு இருக்கிறது. அது சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பைத்தான் சொல்லும். உங்கள் வீட்டு வாசலைச் சொல்லாது.

அடுத்தது, விளம்பரம் என்றாலே வேவு என்று எண்ணி எல்லாவற்றையும் அடைத்துவிடுவது. இரண்டும் வேறு. ஆழியாறு தண்ணீர் திறப்புச் செய்திக்குக் கீழே சொட்டுநீர்க் குழாய் விளம்பரம் வந்தால், அது அந்தச் செய்தியில் உள்ள விஷயத்தைப் பார்த்து வந்தது. படிப்பவர் யார் என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. நேற்று ஒரு கடைத் தளத்தில் பார்த்த செருப்பு இன்று செய்திப் பக்கத்திலும் பின்தொடர்ந்து வந்தால், அது கண்காணிப்பு. தேர்ட் பார்ட்டி குக்கீயும் (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறொரு நிறுவனம் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு) போனின் விளம்பர ஐடியும் (விளம்பரத்துக்காகப் போனுக்குத் தரப்படும் அடையாள எண்)தான் அந்த வேலையைச் செய்கின்றன. அடைக்க வேண்டியது இவற்றை.

குரோமில் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்று போய்த் தடுப்பை இயக்குங்கள். சஃபாரி 2020 முதலும் ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதலும் இந்தக் கண்காணிப்புக்குத் தாமாகவே அணை போடுகின்றன. குரோமில் நாம்தான் போட வேண்டும். ஏதாவது ஒரு தளத்தில் லாகின் வேலை செய்யாமல் போனால் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள், தடுப்பையே எடுத்துவிடாதீர்கள். பிறகு போன் செட்டிங்ஸில் கூகுள், விளம்பரங்கள், ‘விளம்பர ஐடியை நீக்கு’. ஐபோனில் ஐஓஎஸ் 14.5 பதிப்பு முதல் ஆப் ஒவ்வொன்றும் கண்காணிக்க அனுமதி கேட்கும், மறுத்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் விளம்பரம் வரும், வரட்டும். ஆள் அடையாளம் தெரியாத விளம்பரத்துக்குத் தளத்துக்குக் கிடைக்கும் பணம் குறையும், ஆனால் கிடைக்கும். எல்லா விளம்பரத்தையும் அடைக்கும் தடுப்பானில் ஒன்றுமே கிடைக்காது. தளங்களுக்கு விளம்பரம் தரும் கூகுளின் ஆட்சென்ஸில் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். தேங்காய் விலையும் பஸ் நேரமும் போடும் ஒரு சின்னத் தமிழ்த் தளத்துக்கு அந்தத் தொகை சேர மாதக்கணக்கில் ஆகலாம். அப்படிப்பட்டவை மூடப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். பக்கத்தை மறைத்துப் பாய்கிற, தானாகச் சத்தம் போடுகிற தளங்களில் தடுப்பானைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். நம்பிப் படிக்கும் தளத்துக்கு விலக்குக் கொடுங்கள். போனின் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ (தளங்களின் முகவரியைத் தேடித் தரும் சேவையை மாற்றும் செட்டிங்) வழியாகத் தடுப்பவர்களுக்கு இந்த வசதி பொதுவாக இருக்காது. போனில் உள்ள எல்லா ஆப்புக்கும் ஒரே அடி, ஒரு தளத்தை மட்டும் தனியாக விலக்க முடியாது.

பாதுகாப்பு என்ற பெயரில் வரும் எதையும் நம்பி நிறுவுவது இன்னும் பெரிய ஆபத்து. கண்காணிப்பைத் தடுப்போம் என்று சொன்ன அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் எந்தெந்தப் பக்கங்களைப் பார்த்தார்கள் என்ற தரவை ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அது 1.65 கோடி டாலர் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நம் இணைப்பை வேறொரு கணினி வழியாக அனுப்பும் இலவச விபிஎன்னிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதும் அதன் வழியாகத்தான் போகிறது, செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

பிரவுசரின் இன்காக்னிட்டோ (மறைநிலை) போனில் பார்த்த பக்கங்களின் வரலாற்றை மிச்சம் வைக்காது, அவ்வளவுதான். தளத்துக்கும் நெட்வொர்க் நிறுவனத்துக்கும் நீங்கள் தெரிவீர்கள்.

‘அறிவிப்புகளை அனுமதிக்கவா?’ என்ற கேள்விக்கு அவசரத்தில் ‘ஆம்’ தட்டிவிடுவதும் வேண்டாம். போனில் வைரஸ் என்று மிரட்டும் செய்திகள் பல நேரம் இந்த வழியாகத்தான் வருகின்றன. சைட் செட்டிங்ஸில் அறிவிப்புகளைத் திறந்து, தெரியாத பெயர்களை நீக்குங்கள்.

அப்பாவின் கணக்கிலேயே பிள்ளைகள் பாடம் பார்ப்பதும், கணக்குத் திறக்கப் பிறந்த ஆண்டை மாற்றிப் போடுவதும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதை 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. வயதைக் கூட்டிப் போட்டால் இந்தக் காப்பு பிள்ளைக்குக் கிடைக்காது. பிறந்த ஆண்டைச் சரியாகக் கொடுத்து, கூகுளின் ஃபேமிலி லிங்க் (பெற்றோர் மேற்பார்வை ஆப்) வழியாகப் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்து கொடுங்கள்.