தலையணை மேல் புத்தகம்

மூன்று வாரமாக என் ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பில் ஒரே வரிதான்: ‘வாசிப்பு, 41ஆம் பக்கம்.’ பிரார்த்தனையும் அரைகுறை. அலாரத்தை அணைக்கப் போனை எடுத்தால் கண் தானாக மெசேஜ் பக்கம் போய்விடும். அப்புறம் எங்கே பிரார்த்தனை!

போன ஞாயிறு சார்ஜரைக் கழற்றிச் சமையலறையில் மாட்டினேன். அலமாரியில் கிடந்த பழைய கடிகாரத்துக்கு பேட்டரி போட்டுப் படுக்கையருகே வைத்தேன். காலையில் போர்வையை மடித்ததும் புத்தகம் தலையணை மேல் போய்விடும். இரவில் அதை எடுக்காமல் படுக்க முடியாது. எடுத்தால் நாலைந்து பக்கமாவது ஓடுகிறது.

முதல் இரண்டு நாள் கை சும்மா போனைத் துழாவியது உண்மை. மகள் வேறு, “அப்பா, யாராவது அவசரமாகக் கூப்பிட்டால்?” என்றாள். சரி, மணிச் சத்தத்தை முழுசாக வைத்திருக்கிறேன்.

இந்த வாரக் குறிப்பு: பிரார்த்தனை ஐந்து நாள். 73ஆம் பக்கம். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது.