வாட்டம் குறைந்த கூரைக்கு ஓடு: எங்கே தவறுகிறோம்

நிறத்தையும் விலையையும் பார்த்து ஓட்டை வாங்கிவிட்டு, அதன் பிறகு கூரையின் சாய்வைப் பற்றி யோசிப்பதுதான் முதல் தவறு. சாய்வை அளந்த பிறகே ஓட்டுக் கடைக்குப் போக வேண்டும். வரைபடத்தை நம்பாமல், கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்திலேயே அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனையைக் கைமரத்தில் ஊன்றி, ரசமட்டம் வைத்துச் சமமாகப் பிடியுங்கள். மறுமுனையிலிருந்து கைமரம் வரை நேர்கீழே 58 செ.மீ. வந்தால் சாய்வு 30 டிகிரி. 50 வந்தால் இருபத்தாறரை, 36 வந்தால் 20, 27 வந்தால் 15.

மங்களூர் ஓட்டுக்கு 25 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட ஓடு அது. மேற்குக் கரையின் அடைமழைக்கும் அங்குள்ள சாய்வு அதிகமான கூரைகளுக்கும் பொருந்தியது. அதையே 15 டிகிரியில் வேய்ந்தால் தண்ணீர் மெதுவாக இறங்கும். சாரல் காற்று அதை மேல் ஓட்டின் அடிக்குள் தள்ளும். காற்றே இல்லாவிட்டாலும், ஓடுகள் ஒட்டி நிற்கும் மெல்லிய இடுக்கில் நீர் தானாக மேலேறும். போதாததற்கு, ஒவ்வொரு ஓட்டின் கீழ்முனையும் அடுத்த ஓட்டின் மேல் உட்காருவதால், ஓட்டின் சாய்வு கைமரத்தின் சாய்வைவிடக் குறைவாகவே இருக்கும்.

"ஓட்டின் மேல் ஓட்டைக் கொஞ்சம் கூடுதலாக ஏற்றி வேய்ந்தால் ஒழுகாது" என்று சொல்வார்கள். மங்களூர் ஓடு போல ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும் கவ்வு ஓட்டில் அது நடக்காது. வரம்பும் பள்ளமும் ஒரே இடத்தில்தான் கவ்வும். அதைத் தாண்டி ஏற்றினால் ஓடு தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) இடைவெளியை வந்து இறங்கிய ஓட்டிலிருந்தே எடுக்க வேண்டும். 12 ஓடுகளைக் கவிழ்த்து வரிசையாகக் கோர்த்து வையுங்கள். நெருக்கித் தள்ளி ஒருமுறை, இழுத்துத் தளர்த்தி ஒருமுறை, முதல் ஓட்டின் கொக்கியிலிருந்து (ரீப்பரில் மாட்டும் அடிமுனைப்பு) கடைசி ஓட்டின் கொக்கி வரை அளந்து, இரண்டையும் கூட்டி 22ஆல் (12 ஓட்டுக்கு 11 இடைவெளி, இரண்டு முறை) வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும்.

கான்கிரீட் கவ்வு ஓடுகளில் சில, இன்னும் குறைந்த சாய்வுக்கும் பொருந்தும். ஆனால் கடைக்காரர் வாய்ச்சொல் போதாது. அந்த மாதிரிக்கான குறைந்தபட்சச் சாய்வையும், எவ்வளவு நீளமான கைமரம் வரை அது செல்லும் என்பதையும் தயாரிப்பாளரின் எழுத்தில் கேளுங்கள். கைமரம் நீள நீள, இறவாணத்துப் (கூரையின் கீழ் ஓரம்) பக்கத்து ஓடுகள் சுமக்கும் தண்ணீரும் கூடும்.

ஒழுகும் இடுக்கில் சிமென்ட் பூசுவதுதான் மிகக் கெட்ட பழக்கம். வெயிலில் ஓடும் மரமும் அசையும்போது பூச்சில் மயிர்க்கோடு விழும். அதன் வழியே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் ரீப்பரை உளுக்க வைக்கும்.

20 டிகிரிக்குக் கீழே, ஓட்டுக்கு அடியில் இன்னொரு நீர்த்தடுப்பு இல்லாமல் வேயாதீர்கள். 15க்குக் கீழே கூரையைக் காப்பது அந்த அடி அடுக்குதான், ஓடு அதற்கு வெயில் மறைப்பு. பலகையின் மேல் நீர்த்தடுப்பு விரிப்பு, அதன் மேல் சாய்வின் போக்கில் 25 மி.மீ. கனச் சட்டங்கள், பிறகே குறுக்காக ரீப்பர். அந்தச் சட்டங்களை விட்டுவிட்டு ரீப்பரை நேரே விரிப்பில் அடித்தால், உள்ளே இறங்கிய நீர் ஒவ்வொரு ரீப்பரிலும் அணைகட்டி நின்று ஆணித் துளை வழியே சொட்டும். விரிப்பின் கீழ்முனை மழைநீர்க் கால்வாய்க்குள் இறங்கட்டும்.

ஓடு எவ்வளவு நீர் குடிக்கிறது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். காய்ந்த ஓட்டை எடை போட்டு, 24 மணி நேரம் ஊறவைத்து, மீண்டும் எடை போடுங்கள். இரண்டரை கிலோ ஓடு அரை கிலோ கூடினால் 20 சதவீதம். சதுர மீட்டருக்குச் சுமார் 15 ஓடு என்றால், 100 சதுர மீட்டர் கூரையில் 750 கிலோ கூடுதல் பாரம். சாய்வு குறைந்த கூரையில் அது காயவும் நாளாகும், பாசி பிடிக்கும்.

காற்றை மறந்துவிடுகிறோம். சாய்வு குறைந்த கூரையைக் காற்று அழுத்துவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதே அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் ஓடு வாங்குவோர் அடிப்பக்கத்தில் கம்பி கோர்க்கத் துளையுள்ள ஓட்டையே கேட்டு வாங்க வேண்டும். இறவாணம், முகடு, பக்க ஓரங்களில் ஓர் ஓடுகூட விடாமல் ரீப்பரோடு கட்டுங்கள். உப்புக்காற்றில் சாதாரணக் கட்டுக்கம்பி அரித்துப்போகும். செம்பு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போடுங்கள்.