தெருவில் பார்த்து ஆசைப்பட்ட உடை நமக்கும் பொருந்த: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு காலேஜ் பெண் என் தையல் கடைக்கு வந்து போனை நீட்டினாள். "அக்கா, இதே மாதிரி வேணும்." படத்தில் ஒரு அம்மா கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் மயிலாடுதுறை பஸ்ஸில் ஏறிக்கொண்டிருக்கிறார். மாம்பழக் கலர் காட்டன் புடவை, அரக்குக் கலர் ஜாக்கெட், கொண்டையில் கனகாம்பரம். பின்னாலிருந்து எடுத்த படம்தான், ஆனாலும் அவ்வளவு எடுப்பாக இருந்தார். அந்தக் கலர் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதுதான் பெண்ணின் கேள்வி.

"கலரை விடும்மா, கையைப் பாரு" என்றேன். ஒரு கையில் கனமான பை. இன்னொரு கை கம்பியைப் பிடிக்க மேலே போயிருக்கிறது. அப்படியும் ஜாக்கெட்டின் அடிப்பட்டி ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. கொசுவம் கலையவில்லை. புடவையின் கீழ் ஓரம் படிக்கட்டில் மாட்டவில்லை. அந்த அம்மா லட்சணமாகத் தெரிந்ததற்கு இதுதான் காரணம்.

நம் டெல்டாவில் தெருவில் நடக்கும் பெண்கள் உடுத்தியிருப்பது ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பஸ் ஏற, சேற்றில் நடக்க, வெயில் தாங்க, கோயிலுக்குப் போக. அந்த வேலை என்னவென்று பார்க்காமல் நிறத்தையும் டிசைனையும் மட்டும் எடுத்துக்கொண்டு வருபவர்கள்தான் பிறகு "எனக்கு மட்டும் எடுபடலையே அக்கா" என்று வருத்தப்படுகிறார்கள். என் கடையில் நான் அடிக்கடி பார்க்கும் தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

கேட்காமல் படம் எடுப்பது

அந்தப் படத்தை அழிக்கச் சொன்னேன், அவளும் உடனே அழித்துவிட்டாள். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அவருக்குத் தெரியாமல் படம் எடுப்பது எந்த நோக்கத்தில் செய்தாலும் தப்பு. அதைவிட, படத்தில் துணியின் கனம் தெரியாது, தையல் தெரியாது. "புடவை ரொம்ப நல்லாருக்கும்மா, எங்க எடுத்தீங்க?" என்று நேரில் கேட்டுப் பாருங்கள். எடுத்த கடை, கொடுத்த விலை, எத்தனை சலவை கண்டது என்று எல்லாமே வந்துவிடும். முந்தானையைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். நான் கற்றுக்கொண்டதில் பாதி இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

பார்ப்பதற்கு நல்ல இடம் காலை எட்டு மணி டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. சுவாமிமலை, தாராசுரம் பக்கமிருந்து வேலைக்கும் படிப்புக்கும் கடைவீதிக்கும் வரும் பெண்களை ஒரே பஸ்ஸில் பார்க்கலாம். பூக்காரம்மாவும் டீச்சரும் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று பேருக்கும் மூன்று விதமான கட்டு. ஏன் வேறு வேறாக இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஜாக்கெட்டைத் தொளதொளவென்று தைக்கச் சொல்வது

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புடவை என்ன விலையாக இருந்தாலும் ஜாக்கெட் சரியில்லை என்றால் மொத்தமும் கெட்டுவிடும்.

"பஸ்ல கை தூக்கணும் அக்கா, கைக்குழியை நல்லா லூசா வெச்சிருங்க" என்று கேட்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நடப்பது நேர்மாறு. கைக்குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவுக்குப் பக்கத் தையலையும் சேர்த்து இழுக்கும். அடிப்பட்டி மேலே ஏறி இடுப்பு தெரியும், தோள் சுருங்கும். கைக்குழி அக்குளுக்கு நெருக்கமாக, ஒரு விரல் நுழையும் அளவுக்கு இருந்தால் கை மட்டும் தனியாக மேலே போகும், உடம்புப் பகுதி இருந்த இடத்திலேயே இருக்கும். லூசு வேண்டுமென்றால் கையின் சுற்றளவில் கால் அங்குலம் கூட்டிக்கொள்ளலாம், குழியை இறக்கக் கூடாது. படத்தில் இருந்த அம்மாவின் ஜாக்கெட் இப்படித் தைத்ததாகத்தான் இருக்க வேண்டும். பார்த்தவரை ஜாக்கெட்டுக்கென்று விற்கும் டூ பை டூ துணி, லைனிங் இல்லாதது போலத்தான் தெரிந்தது, முழங்கைக்குச் சற்று மேலே நிற்கும் கை.

அடுத்தது அளவு ஜாக்கெட். ஐந்து வருஷத்துக்கு முன் தைத்து, இரண்டு முறை பிரித்து, துவைத்துத் துவைத்துத் தளர்ந்துபோனதைக் கொண்டுவந்து "இதே அளவு" என்பார்கள். இன்றைக்குப் போட்டால் உடம்போடு சரியாக உட்காரும் ஜாக்கெட்டைக் கொடுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றால் டேப் வைத்து அளவு எடுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள். உடம்பு மாறும்போது பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

லைனிங் விஷயத்தில் தவறு என்னுடையதாகவே இருந்திருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், அவசரம் என்று நனைக்காத காட்டன் லைனிங்கை ஒரு சிந்தடிக் துணிக்கு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். முதல் சலவையிலேயே லைனிங் சுருங்கிவிட்டது. மேல்துணி சுருங்காது அல்லவா, அது முதுகெல்லாம் அலை அலையாகப் புடைத்துக்கொண்டது. துணி வாங்கி மறுபடி தைத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து லைனிங்கை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியைக் கையில் எடுக்கிறேன். நீங்களும் உங்கள் டெய்லரிடம் இதைக் கேளுங்கள். இல்லையென்றால் நீங்களே நனைத்துக் காயவைத்துக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் காட்டன் என்று நினைப்பது

"நம்ம ஊர் புழுக்கத்துக்குக் காட்டன்தான்" என்று எல்லோரும் சொல்கிறோம். நடக்கவும் பஸ்ஸில் போகவும் ஆபீஸில் உட்காரவும் அது சரிதான். பருத்தி காற்றிலிருந்தே தன் எடையில் சுமார் 8.5 சதவீத ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் வாங்குவது 0.4 சதவீதம்தான். அதனால் வியர்வையைக் காட்டன் உறிஞ்சிக்கொள்கிறது, பாலியஸ்டரில் உடம்பிலேயே ஒட்டி நிற்கிறது.

ஆனால் நடவு நடும் பெண்களைப் பாருங்கள். மேட்டூர் திறந்து குறுவை தொடங்கிவிட்டால் பாபநாசம் பக்கம் வயலில் வரிசையாக நிற்பவர்களில் பெரும்பாலோர் கட்டியிருப்பது சிந்தடிக் புடவைதான். கரையேறி அரை மணி நேரத்தில் ஓரம் காய்ந்துவிடும், சேறு அலசினாலே போய்விடும். காட்டன் நனைந்தால் காலில் கல்லைக் கட்டியது போல இழுக்கும். நாகப்பட்டினத்தில் அன்னக்கூடையில் மீன் சுமக்கும் அம்மாக்களுக்கும் இதே கணக்குதான். ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் இறங்க வேண்டுமா, ஐப்பசி மழையில் நடக்க வேண்டுமா, மெல்லிய சிந்தடிக் கட்டுங்கள். நாள் முழுக்க வறண்ட இடத்தில் இருக்கப் போகிறீர்களா, காட்டன். இடம் பார்த்துத் துணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வயலில் புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். இப்போது இளம் பெண்கள் சிலர் அதை ஆசைப்பட்டு டவுனிலும் போடுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் தன் அளவுக்குப் பிடித்த புதுச் சட்டையைப் போட்டு, முன்னால் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சட்டை அங்கே எதற்கு? வெயில் கையைப் பொசுக்காமல் இருக்க, நெல் தாளின் சுணை தோலை அறுக்காமல் இருக்க, உள்ளே காற்று ஓட. அதனால்தான் பெரிய சட்டை. தோள் தையல் தோளைத் தாண்டி இரண்டு அங்குலம் கீழே விழ வேண்டும். துவைத்து மெத்தென்று ஆன காட்டனாக இருக்க வேண்டும். முந்தானை சட்டைக்கு உள்ளே போக வேண்டும், பட்டன் போட வேண்டும். இப்படிப் போட்டால் ஸ்கூட்டி ஓட்டவும் தோதாக இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும்.

தரையைத் தொடக் கட்டுவது

கல்யாணப் படங்களில் புடவை தரையைத் தடவும். தெருவில் வேலைக்குப் போகும் பெண்ணின் புடவை கணுக்கால் எலும்பு தெரியும் உயரத்தில் நிற்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு கட்ட ஆரம்பியுங்கள், உயரம் தானே சரியாக வரும். பாவாடை புடவையைவிட அரை அங்குலம் மேலே இருக்கட்டும், நாடாவைப் பக்கவாட்டில் முடியுங்கள். முன்னால் முடிந்தால் கொசுவம் அந்த முடிச்சின் மேல் உட்கார்ந்து வயிறு புடைத்தது போலத் தெரியும்.

மழை நாளில் ரப்பர் செருப்பு போட்டால் ஒவ்வொரு அடிக்கும் குதிகாலிலிருந்து சேறு தெறித்துப் புடவையின் பின்பக்கம் முழுக்கப் புள்ளி வைக்கும். பின்னால் வார் உள்ள செருப்பு போட்டால் இது இருக்காது. எங்கள் தெருவில் கான்வென்ட் டீச்சர் ஒருவர் எந்த மழையிலும் பின்பக்கம் கறையில்லாமல் வருவார். கேட்டபோதுதான் இதைச் சொன்னார்.

கஞ்சி, பூ, பட்டு

கஞ்சியைக் கெட்டியாகப் போட்டால் காலையில் விறைப்பாக இருக்கும், பத்து மணிக்கு வியர்வை பட்டதும் மடிப்பு மடிப்பாக உடைந்துவிடும். வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்க விட்டு வடிகட்டிப் போடுங்கள். கஞ்சி போட்ட புடவையை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள், ராமபாணப் பூச்சிக்கு மாவுச்சத்து என்றால் உயிர்.

நாள் முழுக்க வெளியே இருப்பதென்றால் மல்லிகை மதியத்தில் பழுத்துவிடும். கனகாம்பரத்துக்கு வாசனை இல்லை, ஆனால் வாட நேரமாகும். ஒரு முழம் போதும். வாசனையும் வேண்டும் என்றால் மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டிய தஞ்சாவூர் கதம்பம் இருக்கவே இருக்கிறது.

திருபுவனம் பட்டை விசிறி மடிப்பில் மடித்துக் கொடுப்பார்கள், பிரிக்கவே மனசு வராது. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய புடவை அது. அந்த மடிப்பிலேயே வருஷக்கணக்கில் வைத்தால் மடிப்போரம் ஜரிகை விட்டுவிடும். சில மாதத்துக்கு ஒரு முறை பிரித்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். ஊக்கை நேராகப் பட்டில் குத்தாமல் உள்ளே ஒரு துண்டுத் துணி வைத்துக் குத்துங்கள்.

விரத உடையை ஸ்டைல் என்று எடுத்துக்கொள்வது

மார்கழியில் கூட்டமாகச் சிவப்புப் புடவையில் போகும் பெண்கள் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்கள். மஞ்சள் புடவையில் வெறுங்காலோடு நடப்பவர்கள் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள். ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டி வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். நாகூர்ப் பக்கம் வயதான அம்மாக்கள் போர்த்தும் வெள்ளைத் துப்பட்டிக்கும் அதற்கான மரியாதை உண்டு. மஞ்சளும் சிவப்பும் எல்லோருக்கும் பொது, தாராளமாகக் கட்டுங்கள். அந்தக் கோலத்தை அப்படியே போட்டோவுக்காகப் போடாதீர்கள், நோன்பு இருப்பவர்களுக்கு மனசு வலிக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் தள்ளுவண்டியில் கீரை வாங்க நைட்டி மேல் துண்டு போட்டு வரும் பெண்களைப் பற்றிக் கேலியாகப் பேசுகிறார்கள். நாலு மணிக்கு எழுந்து அடுப்பில் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பூப்போட்ட காட்டன் நைட்டியைப் போல உதவும் உடை வேறு இல்லை. கணுக்கால் வரை நீளம், நெஞ்சுப் பகுதியில் நல்ல சுருக்கம், பக்கத்தில் ஒரு பாக்கெட் என்று தைத்துக்கொண்டால் கடைத்தெரு வரை கௌரவமாகப் போய் வரலாம்.

துப்பட்டாவைக் காற்றில் விடுவது

சுடிதாரைப் பற்றி எழுதத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், இது உயிர் சம்பந்தப்பட்டது. டூவீலரில் பின்னால் உட்காரும்போது துப்பட்டாவின் இரண்டு நுனியையும் முன்னால் கொண்டுவந்து முடிந்துகொள்ளுங்கள், அல்லது கழற்றிப் பைக்குள் வையுங்கள். புடவை என்றால் முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகிய பிறகு ஏறுங்கள். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது. பார்க்க நன்றாக இல்லை என்று அந்தச் சேலைக் காப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறார்கள். உங்கள் வீட்டு வண்டியில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அந்தக் காலேஜ் பெண்ணுக்கு அரக்குக் கலர் டூ பை டூ துணியில் தைத்து முடித்துவிட்டேன். நேற்று வந்து போட்டுப் பார்த்தாள். கடையின் திரைக் கம்பியைப் பஸ் கம்பியாக நினைத்துப் பிடிக்கச் சொன்னேன். வலது கை அழகாகப் போனது, பட்டி அசையவில்லை. இடது கைக்குழியில் மட்டும் நூலளவு பிடிக்கிறது. பிரித்துத் தைக்க வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வாள்.