அலுவலகத் தொலைபேசியைக் கணினி வலையமைப்புடன் இணைத்தல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

மட்டக்களப்பு, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி போன்ற இடங்களிலுள்ள பல சிறிய அலுவலகங்களில் 065 எனத் தொடங்கும் ஒரே ஒரு தொலைபேசி இணைப்புத்தான் இருக்கிறது. அது ஒலித்ததும் வாசலுக்கு அருகிலிருப்பவர் எடுத்து, உரியவரைக் கூப்பிட உள்ளே எழுந்து போகிறார். அந்த இணைப்பை எல்லா மேசைக் கணினிகளுக்கும் கொண்டுவர, ஒரு பழைய கணினியும் எஃப்.எக்ஸ்.ஓ. துளையுள்ள (வெளித் தொலைபேசிக் கம்பியைச் செருகும் துளை) ஒரு கேட்வே கருவியும், அதாவது தொலைபேசி இணைப்பைக் கணினி வலையமைப்புக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டியும், போதும். ஓர் அழைப்புக்கு ஒரு பக்கமாக விநாடிக்கு ஏறத்தாழ 87 கிலோபிட்தான் செலவாகும் என்பதால், இப்போதுள்ள கேபிள்களையும் சுவிட்சையும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில், பழைய கணினியில் அஸ்டெரிஸ்க்கை அடிப்படையாகக் கொண்ட ஃப்ரீ பி.பி.எக்ஸ் (FreePBX) என்ற தொலைபேசிப் பரிமாற்ற மென்பொருளை நிறுவி, அந்தக் கணினிக்கு மாறாத வலையமைப்பு முகவரி ஒன்றைக் கொடுங்கள். 192.168.1.10 என்று வைத்தால், ரவுட்டர் அதே முகவரியை வேறு கருவிக்கு வழங்காதபடி ஒதுக்கிவிட வேண்டும். நிறுவும்போது அந்தக் கணினியின் வன்தட்டு முழுவதும் அழிந்துவிடும் என்பதால், தேவையான கோப்புகளை முன்னரே வேறிடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 201, 202 என உள்ளிணைப்பு இலக்கங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் நீண்ட கடவுச்சொல் இடுங்கள். மேசைக் கணினிகளில் கணினியையே தொலைபேசியாக்கும் மைக்ரோசிப் (MicroSIP) அல்லது லின்போன் (Linphone) மென்பொருளை நிறுவி, ஹெட்செட்டைப் பொருத்தி, ஒருவரையொருவர் அழைத்துப் பாருங்கள். மணி ஒலித்தும் குரல் கேட்கவில்லையானால் பதற்றப்பட வேண்டாம். அழைப்புச் சமிக்ஞை 5060 ஆம் போர்ட்டில் (வலையமைப்பில் தரவு செல்லும் இலக்கமிட்ட வாசல்) செல்ல, குரல் 10000 முதல் 20000 வரையுள்ள வேறு போர்ட்டுகளில் செல்கிறது. பெரும்பாலும் கணினியின் ஃபயர்வால் இரண்டாவதை மட்டும் தடுத்திருக்கும். உள்ளழைப்பு தெளிவாகும்வரை வெளி இணைப்பைத் தொடாதீர்கள், ஏனெனில் இரண்டையும் ஒன்றாகச் செய்தால் பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது கடினம்.

பிறகு தொலைபேசிக் கம்பியை, ஃபைபர் இணைப்பானால் அதன் கருவியிலுள்ள தொலைபேசித் துளையிலிருந்து வரும் கம்பியை, கேட்வேயின் எஃப்.எக்ஸ்.ஓ. துளையில் செருகுங்கள். நான் பொருத்திய ஓர் அலுவலகத்தில், அழைத்தவர் வைத்த பின்னரும் இணைப்பு விடுபடாமல், அடுத்து அழைத்தவர்களுக்கெல்லாம் ‘பிஸி’ என்றே காட்டியது. மறுமுனை வைத்ததும் வரும் ஒலியை இனங்காணும் அமைப்பைக் கேட்வேயில் இயக்கிய பின்னரே அது சரியானது. ஆகவே அந்த அமைப்பை முதல் நாளே இயக்கி, கைப்பேசியிலிருந்து அழைத்து, வைத்து, உடனே மீண்டும் அழைத்துச் சோதியுங்கள்.

வெளியழைப்புக்குப் பூச்சியத்தில் தொடங்கும் 10 இலக்க எண்களை அனுமதிப்பதோடு, 119, 1990 ஆகிய அவசர இலக்கங்களுக்கும் தனியே வழி அமைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 5060 ஆம் போர்ட்டை ரவுட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். திறந்தால், அந்நியர் உங்கள் செலவில் வெளிநாட்டுக்கு அழைக்க வழி பிறக்கும்.

சித்திரையிலும் ஐப்பசியிலும் இங்கு பிற்பகல்களில் இடிமின்னல் கடுமையாக இருக்கும். செப்புக் கம்பி வழியே பாயும் மின்னல் கேட்வேயையும் அதனூடாக முழு வலையமைப்பையும் எரிக்கக்கூடும் என்பதால், தொலைபேசிக் கம்பிக்கென உள்ள மின்னற் காப்பை ஏர்த்துடன் சேர்த்துப் பொருத்துங்கள். ஃப்ரீ பி.பி.எக்ஸ் உள்ள கணினி, கேட்வே, சுவிட்ச், ரவுட்டர் நான்கையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் இணைத்து, அலுவலகம் மூடிய ஒரு மாலையில் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, மடிக்கணினியிலிருந்து உங்கள் கைப்பேசிக்கு அழைத்து, அழைப்பு எத்தனை நிமிடம் நிலைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.