தயிர் மட்டும் போதாது: குடல் நலத்துக்குக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

வயிற்றுத் தொந்தரவுக்காக என்னிடம் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வரும்முன்பே எதையாவது ஆரம்பித்திருப்பார்கள். வீடியோ பார்த்து, பக்கத்து வீட்டில் கேட்டு, மருந்துக்கடையில் விசாரித்து. ஆரம்பத்தில் நானும் நம்பிய அதே விஷயங்களைத்தான் இன்று புதிதாக வருகிறவர்களும் நம்புகிறார்கள். பரோட்டாவைக் குறையுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

பாக்டீரியாவைச் சேர்ப்பது, அதற்குத் தீனி போடாமல் விடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆற்றாமை தீரவில்லை.

சமீபத்தில் ஒருவர் வந்தார். மாதக்கணக்கில் புரோபயாட்டிக் மாத்திரை (குடலுக்கு நல்லது என்று உயிருள்ள பாக்டீரியாவை அடைத்து விற்பது), தினமும் ஒரு குட்டி பாட்டில் பானம், மூன்று வேளையும் தயிர். செலவு மாதம் சில ஆயிரங்கள். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் அப்படியே இருக்கின்றன. முந்தின நாள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதினேன். காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. மதியம் வெள்ளைச் சோறு, தண்ணியான சாம்பார், தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி உருளைக்கிழங்கு, முடிக்கத் தயிர்சாதம். சாயந்திரம் டீயும் பிஸ்கட்டும். ராத்திரி தோசை. நார்ச்சத்தை எதிரிலேயே கூட்டிக் காட்டினேன். 10 கிராமைத் தொடவில்லை. பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்ன அளவு.

விஷயம் இதுதான். நல்லது செய்யும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நாம் சாப்பிடும் சர்க்கரையும் வெந்த மாவுச்சத்தும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் கீழே போய்ச் சேருகிறது. அதைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் உட்சுவரின் செல்களுக்கு முதன்மையான எரிபொருள் அந்த பியூட்டிரேட்தான். தயிரில் நார்ச்சத்து துளியும் கிடையாது. வெள்ளைச் சோற்றிலும் மிகக் குறைவு. ஆக, தட்டு நிறையத் தயிர்சாதம் சாப்பிட்டும் அங்கே பட்டினிதான். விருந்துக்கு ஊரையே அழைத்துவிட்டு உலை வைக்காமல் இருப்பது மாதிரி.

இன்னொன்றும் உண்டு. மாத்திரையில் வரும் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் குடியேறுவதில்லை. வரும், சில நாள் இருக்கும், போய்விடும். மாத்திரையை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை. கஷ்டப்பட்டுச் சம்பாதிக்கிற குடும்பங்கள் இதற்குப் பணம் கொட்டுவதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

தயிரோ மோரோ வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், தயிர் போன்ற நொதித்த உணவுகளைப் பல வாரம் நிறையச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் பாக்டீரியாக்களின் வகை கூடியிருந்தது. தயிரைச் சாப்பிடுங்கள். அதோடு தட்டையும் மாற்றுங்கள் என்கிறேன்.

அவருக்குச் சொன்னது இவ்வளவுதான்: சாயந்திர பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் (வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் சுமார் 7 கிராம் நார்ச்சத்து), மதியம் சோற்றைக் குறைத்து அவரைக்காயோ கீரையோ இரண்டு மடங்கு, ஒரு கொய்யா, வாரத்தில் இரண்டு நாள் வாழைத்தண்டு. ஒரே காயைத் திரும்பத் திரும்பச் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னேன். பாக்டீரியா ஒவ்வொன்றுக்கும் பிடித்த நார் வேறு வேறு.

நார்ச்சத்தை ஒரே நாளில் ஏற்றுவது

மேலே சொன்னதைக் கேட்டதும் சிலர் மறுநாளே சுண்டல், முளைப்பயறு, கம்பங்கூழ், கீரை என்று எல்லாவற்றையும் தொடங்கிவிடுவார்கள். மூன்றாம் நாள் வயிறு கல் மாதிரி உப்பி, வாயு பிடுங்கி, "எனக்கு இது ஒத்துக்காது" என்று விட்டுவிடுவார்கள். பழக்கமில்லாத குடலில் திடீரென்று அத்தனை நார் இறங்கினால் வாயு வரத்தான் செய்யும். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சுண்டல் மட்டும், அதுவும் அரைக் கிண்ணம். பயறை ராத்திரி ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். வெங்காயம், பூண்டு சாப்பிட்டாலே வயிறு வலிக்கிறவர்கள் தாங்களாகச் சோதனை செய்யாமல் ஆலோசனையோடு போவது நல்லது.

மோர்க்குழம்பை "புரோபயாட்டிக்" கணக்கில் எழுதுவது

கொதித்தால் பாக்டீரியா செத்துவிடும். இட்லியும் அப்படித்தான்: மாவு புளித்ததால் செரிமானம் சுலபம், சத்து கூடுதல், ஆனால் மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியா ஆவியில் வெந்த இட்லியில் உயிரோடு மிஞ்சாது.

ஊறுகாய்

இதையும் புரோபயாட்டிக் கணக்கில் எழுதாதீர்கள். பெரும்பாலும் உப்பும் எண்ணெயும்தான்.

பழைய சோற்றை ஏனோதானோ என்று வைப்பது

நான் தயங்காமல் சொல்லும் உணவு இது. ஆனால் ராத்திரி மிஞ்சிய சோற்றை அடுப்பு மேடையிலேயே விட்டுவிட்டு, படுக்கும்போது ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றுவது பழைய சோறு ஆகாது. வெதுவெதுப்பான சோறு மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகும். அது வெளிவிடும் ஒரு நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி எடுக்க வைப்பது அதுதான். சோறு ஆறியதுமே சுத்தமான பாத்திரத்தில், குடிக்கிற தண்ணீரில் மூழ்க வையுங்கள். காலையில் இளம் புளிப்பு வாசனை வர வேண்டும். கொழகொழவென்று நூலாக வந்தாலோ வாடை மாறியிருந்தாலோ தயங்காமல் கொட்டிவிடுங்கள். மறுநாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். கைக்குத்தல் அரிசியாக இருந்தால் நாரும் கொஞ்சம் கிடைக்கும்.

குடலைக் கழுவ மாதம் ஒரு பேதி மருந்து

வேண்டாம். மலத்தோடு பாக்டீரியாவும்தான் போகிறது.

மீந்துபோன ஆன்டிபயாட்டிக்

சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் வீட்டில் கிடக்கிற ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொண்டு, கூடவே ஒரு புரோபயாட்டிக் போட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைக்கிறார்கள். நேராகாது. 2018-இல் இஸ்ரேலில் நடந்த ஓர் ஆய்வில், ஆன்டிபயாட்டிக் முடித்த பிறகு புரோபயாட்டிக் எடுத்தவர்களுக்குச் சொந்த பாக்டீரியாக்கள் திரும்பி வருவது தாமதமானதுதான் தெரியவந்தது. மருத்துவர் இரண்டையும் சேர்த்து எழுதிக்கொடுத்தால் அது வேறு. சில நேரங்களில் அதற்குக் காரணம் இருக்கும். நீங்களாக எதையும் போடாதீர்கள்.

சாப்பாட்டாலேயே எல்லாம் சரியாகும் என்று காத்திருப்பது

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல்: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். சுண்டலையும் கீரையையும் பற்றி அப்புறம் பேசலாம். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறவர்களும், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களும் புரோபயாட்டிக் மாத்திரை மட்டுமல்ல, பழைய சோறு சாப்பிடுவதற்கு முன்பும் தங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.