ஜெர்மன் வகுப்பின் வாசலில் தமிழைக் கழற்றி வைக்காதீர்கள்

டர்பனில் சனிக்கிழமை காலை ஜெர்மன் வகுப்புக்குப் பிள்ளைகளைக் கூட்டி வரும் பெற்றோர் பலர் முதல் நாளே என்னிடம் கேட்பது இது: "வீட்டில் ஆயா (பாட்டி) தமிழில்தான் பேசுகிறார். பிள்ளை குழம்பிவிடாதா? கொஞ்ச நாள் தமிழை நிறுத்தி வைக்கலாமா?" வேண்டவே வேண்டாம். நான் பார்க்கும் தவறுகளில் ஆகப் பெரியது இதுதான்.

நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் யோசித்து ஜெர்மனில் எழுதுகிறார்கள். குளிர்கிறது என்று சொல்ல, 'இஷ் பின் கால்ட்' என்று ஒரு சிறுமி எழுதியிருந்தாள். அப்படிச் சொன்னால் நான் இரக்கமற்றவள் என்ற பொருள் வந்துவிடும். "ஆயாவுக்குக் குளிர்ந்தால் என்ன சொல்வார்?" என்று கேட்டேன். "எனக்குக் குளிர்கிறது" என்றாள். "அந்த 'எனக்கு'தான் ஜெர்மனில் 'மியர்'" என்றேன். பென்சிலை எடுத்து முதல் இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, 'மியர் இஸ்ட் கால்ட்' என்று எழுதினாள். அடுத்த வாரம் 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்பதற்கு 'மியர் கெஃபெல்ட்' என்று வந்தபோது அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. நான்காம் வேற்றுமையை அவளுக்கு ஆயா எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டார்.

வினைச்சொல்லின் இடமும் அப்படித்தான். 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால், அந்தத் துணைவாக்கியத்தின் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது தலைகீழாகத் தெரியும். வினையில் முடிப்பது தமிழுக்கு இயல்பு. 'டூ', 'ஸீ' இரண்டையும் நீ, நீங்கள் என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். இதை ஆங்கிலத்தில் விளக்க அரை மணி நேரம் செலவழிப்பது வீண்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு: பால். நமக்குச் சாப்பாட்டு மேசையில் கிடப்பதெல்லாம் அஃறிணை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், 'டேர் லோஃபெல்'. முள்கரண்டி பெண்பால், 'டீ காபெல்'. கத்தி இரண்டும் அல்லாத நடுப்பால், 'டாஸ் மெஸ்ஸர்'. பொருளைப் பார்த்துப் பாலைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். முன்னால் வரும் 'டேர்', 'டீ', 'டாஸ்' ஆகியவைதான் பாலைக் காட்டுபவை; அவற்றைச் சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். பள்ளியில் தென்னாப்பிரிக்க மொழிகளில் ஒன்றான ஆப்பிரிக்கான்ஸ் படிக்கும் பிள்ளைகளை இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அந்த மொழியில் எல்லாவற்றுக்கும் 'டீ' ஒன்றே என்பதால், ஜெர்மனிலும் எல்லாவற்றுக்கும் 'டீ' போட்டுவிடுகிறார்கள். 'நல்ல' என்று பொருள்படும் 'கூட்' (gut) என்ற சொல்லைத் தெளிவாக ஒலிக்காமல், அதன் முதல் எழுத்தையும் தொண்டையிலிருந்து காறி ஒலிக்கிறார்கள்.

பெரியவர்கள் செய்யும் தவறு வேறு. இலக்கணம் முழுவதும் கைவந்த பிறகே வாய் திறப்பேன் என்று நான்கு மாதம் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். பிள்ளைகள் முன்னால் தவறாகப் பேசக் கூச்சம். அவர்களுக்கு நான் சீகன்பால்குவைப் பற்றிச் சொல்வேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துகளை எழுதிப் பழகினார். 1715இல் அவருடைய மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. அவருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

ஆசிரியர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் துணிந்து பேசும்போது ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தித் திருத்தாதீர்கள். பேசி முடிக்கட்டும்; பிறகு ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

"ஒரே வருடத்தில் பி1 முடித்துவிடலாமா?" என்று கேட்பவர்கள் கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய மொழித் தேர்ச்சி நிலைகளில் ஏ1 தொடக்கம், பி1 இடைநிலை. 45 நிமிடம் கொண்ட பாடவேளைகள் ஏ1க்கு 80 முதல் 200 வரையும், பி1க்கு 350 முதல் 650 வரையும் தேவைப்படும். சனிக்கிழமைக்கு மூன்று மணி நேரம் என்று வருடத்துக்கு 30 வாரம் வந்தால் கிடைப்பது 120 பாடவேளை. ஆக, பி1க்குக் குறைந்தது மூன்று வருடம். வாரம் முழுவதும் புத்தகத்தைத் தொடாமல் வெள்ளி இரவு மட்டும் புரட்டினால் அதுவும் போதாது. தினமும் கால் மணி நேரம் வேண்டும்.

தேர்வுக்குப் பதிவு செய்யும்போது வயதைப் பாருங்கள். ஏ1 நிலையில், ஜெர்மன் மொழித் தேர்வுகளை நடத்தும் கோதே நிறுவனம் 10 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு தாளும் பெரியவர்களுக்கு வேறொரு தாளும் வைத்திருக்கிறது. தேர்ச்சிக்கு 100க்கு 60 வேண்டும்.

கேட்கும் பகுதியில் பெரியவர்களைக் கவிழ்ப்பவை எண்கள். 54ஐ ஜெர்மனில் 'நான்கும் ஐம்பதும்' என்றுதான் சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையிலேயே 45 என்று எழுதிவிடுகிறார்கள். ஆப்பிரிக்கான்ஸிலும் இதே முறை என்பதால் அதைப் படித்த பிள்ளைகள் இதில் தடுமாறுவதில்லை. எங்கள் வகுப்பில் கடைசிப் பத்து நிமிடம் பிள்ளைகள் தொலைபேசி எண்களை ஜெர்மனில் சொல்ல, அம்மாக்களும் தாத்தாக்களும் எழுதுகிறார்கள்.